முதலில் நாற்காலி, அப்புறம் மெனு: அறுபது, எழுபது, எண்பதாம் பிறந்தநாளுக்குச் சென்னையில் ஓட்டல் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் அப்பாவுக்கு அறுபதோ, அம்மாவுக்கு எழுபதோ, தாத்தாவுக்கு எண்பதோ நெருங்கினால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதலில் வந்து விழுவது ஓட்டல் பெயர்கள்தான். நுங்கம்பாக்கத்தில் மொட்டைமாடி ரெஸ்டாரண்ட் ஒன்று நன்றாக இருக்கிறது என்பார் ஒருவர். கிண்டி பக்கம் நட்சத்திர ஓட்டல் பஃபே என்பார் இன்னொருவர். ஈ.சி.ஆரில் கடல் தெரிகிற இடத்தின் லிங்க் ஒன்று வரும். படம், ரேட்டிங், தள்ளுபடி எல்லாம் பேசி முடித்து அட்வான்ஸும் கட்டிவிடுவார்கள். யாருக்குப் பிறந்தநாளோ அவர் அங்கே இரண்டரை மணி நேரம் எப்படி உட்காரப் போகிறார், பக்கத்தில் இருப்பவர் பேசுவது அவருக்குக் கேட்குமா, எத்தனை மணிக்குச் சாப்பாடு வரும் என்பதை அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை.

இருபத்தைந்து வயதுக்காரருக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. அறுபதைத் தாண்டியவருக்கு இதுதான் எல்லாமே. அவர் வசதியாக உட்கார்ந்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, வந்தவர்களோடு மனம்விட்டுப் பேச வேண்டும். இந்த மூன்றும் இல்லையென்றால் மற்றவர்கள் விருந்து சாப்பிட்டார்கள், அவர் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஆகவே ஓட்டல் தேடுவதை அவர் உட்காரும் நாற்காலியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தேதியிலேயே தொடங்கும் தவறு

அறுபதுகளில் பிறந்தவர்கள் பலருக்கு இரண்டு பிறந்தநாள் உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது வயது போதவில்லை என்று வாத்தியாரே ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டு எழுதிக்கொண்ட காலம் அது. ஆதார், பாஸ்போர்ட், பணி ஓய்வு எல்லாம் அந்தச் சர்டிபிகேட் தேதிப்படிதான் நடந்திருக்கும். பாட்டி கணக்கில் அது கார்த்திகை மாசம் அஸ்வினி என்று வேறொன்றாக இருக்கும். போனில் நினைவூட்டல் வந்த தேதிக்கு டேபிள் பிடித்துவிட்டு, கடைசி வாரத்தில் "அது எனக்குப் பொறந்தநாளே இல்லப்பா" என்று அப்பா சொல்லிக் கேட்கும்படி ஆகக் கூடாது.

அறுபதாம் கல்யாணம் செய்கிற குடும்பமாக இருந்தால் கணக்கே வேறு. தமிழ் ஆண்டுகள் அறுபதும் ஒரு சுற்று சுற்றி, பிறந்த ஆண்டின் பெயர் திரும்ப வரும்போது, அதே மாதத்தில் ஜென்ம நட்சத்திரம் வரும் நாளில்தான் சஷ்டியப்த பூர்த்தி. 1966 ஏப்ரல் நடுவிலிருந்து 1967 ஏப்ரல் நடுவரை பிறந்தவர்கள் பராபவ ஆண்டுக்காரர்கள். 2026 ஏப்ரல் 14-இல் தொடங்கும் ஆண்டுக்கும் அதே பெயர். ஆங்கிலத் தேதியும் நட்சத்திர நாளும் சில சமயம் சில நாள், சில சமயம் சில வாரம் தள்ளிப் போகும். எந்த நாள் பூஜைக்கு, எந்த நாள் விருந்துக்கு என்று முதலில் வீட்டுப் பெரியவர்களோடு முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டையும் ஒரே நாளில் வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. திருக்கடையூரிலோ வீட்டிலோ ஹோமம் என்றால் தம்பதி விடிவதற்கு முன்பே எழுந்திருப்பார்கள். புகையில் உட்கார்ந்து, கலச நீரில் நனைந்து, வந்தவர் எல்லோருக்கும் ஆசீர்வாதம் செய்து முடிக்கும்போதே உடம்பு அசந்துபோகும். அன்று இரவு எட்டு மணிக்கு அவர்களை மறுபடி பட்டுப்புடவை கட்டவைத்து ஓட்டலுக்கு அழைத்துப்போனால் ஸ்டார்ட்டர் வரும்போதே கண் சொருகும். திருக்கடையூர் போய்த் திரும்புவதென்றால் சென்னையிலிருந்து ஒரு வழிக்கே ஐந்தாறு மணி நேரம். ஓட்டல் விருந்தை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். வெளியூர்க்காரர்கள் இருக்கும்போதே செய்தாக வேண்டும் என்றால் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள்.

மாதத்தையும் பாருங்கள். புரட்டாசியில் அசைவம் தொடாத வீடுகள் நிறைய. அந்த மாதத்தில் செட்டிநாட்டு ஓட்டலில் விருந்து வைத்தால் பாதிப் பேர் தயிர்சாதம் தேடுவார்கள். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டிருப்பவர்கள் வெளியில் சாப்பிடவே மாட்டார்கள். அமாவாசை, சஷ்டி, ஏகாதசி விரதக்காரர்கள் யார் யார் என்பது உங்கள் அம்மாவுக்கோ அத்தைக்கோ தெரியும். ஒரு போன் போட்டால் போதும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை என்பதால் கூரையில்லாத மாடி வேண்டாம். மே மாதத்தில் இரவு எட்டு மணிக்கும் மாடியில் வியர்த்துக் கொட்டும்.

யாருக்கு வசதியான இடம்?

எல்லோருக்கும் நடுவில் இருக்கட்டும் என்று இடம் பார்ப்பது கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் பெருங்களத்தூரில் இருக்கும் எழுபது வயதுக்காரரை, எல்லோருக்கும் நடுவில் என்று தி.நகருக்குச் சனிக்கிழமை மாலை வரச் சொன்னால் அவர் வந்து சேரும்போதே களைத்திருப்பார். பிறந்தநாள்காரர் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் இருக்கும் இடத்தைப் பாருங்கள். மற்றவர்கள் அவரைத் தேடி வரட்டும். அதுதானே முறை!

மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகள் நடக்கும் பகுதிகளில் வழி மாற்றம் அடிக்கடி வருகிறது. போன வருடம் பத்து நிமிடத்தில் போன தெருவை நம்பாதீர்கள். விழா நடக்கப் போகும் அதே கிழமையில், அதே நேரத்தில், ஒரு வாரம் முன்பு மேப்பில் பயண நேரத்தைப் பாருங்கள். கார் எங்கே நிற்கும் என்பதையும் கேளுங்கள். வாலே பார்க்கிங் உண்டு என்பார்கள். அப்பா இறங்கும் இடத்திலிருந்து வாசல் வரை எத்தனை படி, கைப்பிடி உண்டா என்பதுதான் முக்கியம். ஆழ்வார்பேட்டை, நுங்கம்பாக்கம் பக்கம் பழைய பங்களாக்களை மாற்றிக் கட்டிய ரெஸ்டாரண்ட்கள் பார்க்க அழகு; ஆனால் வாசலில் ஜல்லிக்கல் பரப்பி, உள்ளே இரண்டு படி இறங்கி மூன்று படி ஏற வேண்டியவை அவற்றில் உண்டு. மாலுக்குள் இருக்கும் ஓட்டல் என்றால் தரைக்கடியில் காரை விட்டு, லிஃப்டுக்குக் காத்திருந்து, மேல் தளத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடக்க வேண்டியிருக்கும். முழங்கால் வலிக்காரருக்கு அந்த நடையே ஒரு வேலை.

நாற்காலி, சத்தம், பாத்ரூம்

என் பெரியப்பாவின் எழுபதாம் பிறந்தநாளை அண்ணன்கள் ஒரு பெரிய ஓட்டலில் வைத்தார்கள். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. நீளமாக ஒரே மேஜை, ஒரு பக்கம் நாற்காலி, மறுபக்கம் சுவரோடு ஒட்டிய சோபா பெஞ்ச். மரியாதைக்காக அவரைப் பெஞ்சில் நடுவில் உட்கார வைத்தார்கள். இரண்டு பக்கமும் ஆறேழு பேர். அவர் எழுந்து வெளியே வர வேண்டுமென்றால் ஒரு பக்கம் முழுவதும் எழுந்திருக்க வேண்டும். அதற்காகவே அவர் அன்று தண்ணீர் டம்ளரைத் தொடவில்லை. தலைக்கு மேல் ஸ்பீக்கர். எதிரே உட்கார்ந்திருந்த தங்கை அமெரிக்காவில் இருக்கும் பேரனைப் பற்றி ஏதோ சொன்னார். "என்னம்மா?" என்று பெரியப்பா இரண்டு தடவை கேட்டார். மூன்றாம் தடவை கேட்கவில்லை, சிரித்துத் தலையாட்டினார். அண்ணன் பரிமாறுகிறவர்களை மேற்பார்க்கும் கேப்டனைக் கூப்பிட்டுப் பாட்டைக் குறைக்கச் சொன்னதற்கு, "மத்த டேபிள்ல கேப்பாங்க சார்" என்றார் அவர். விருந்து முடியும்வரை பெரியப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

வயதாகும்போது பலருக்கு முதலில் குறைவது மெல்லிய, கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறன். ச, த, க போன்ற மெய்யொலிகள் ஒன்றோடொன்று குழம்பும். குரல் கேட்கும், வார்த்தை புரியாது. அமைதியான வீட்டுக் கூடத்தில் இது தெரியாது. பின்னணியில் பாட்டும் பேச்சும் சேரும்போதுதான் முழுசாகத் தெரியும். காதுக் கருவி போட்டிருந்தாலும் சிக்கல் முழுசாகத் தீராது, ஏனென்றால் கருவி பக்கத்து மேஜைச் சிரிப்பையும் தட்டுச் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. இப்போதைய ரெஸ்டாரண்ட்கள் பலவற்றில் தரை டைல்ஸ், சுவர் கண்ணாடி, கூரை வெறும் சிமென்ட். சத்தத்தை உறிஞ்ச ஒரு திரைச்சீலைகூட இருக்காது. ஒருவர் குரலை உயர்த்தினால் பக்கத்து மேஜையும் உயர்த்தும். ஒன்பது மணிக்கு எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள்.

சோதிப்பது எளிது. விழா நடக்கும் கிழமையில், அந்த நேரத்தில், இரண்டு பேர் போய் ஒரு காபியோ சூப்போ சொல்லிவிட்டு உட்காருங்கள். மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து வீட்டில் பேசுகிற குரலில் பேசிப் பாருங்கள். உங்களுக்கே ஒரு வார்த்தை விட்டுப்போனால் அப்பாவுக்கு எதுவுமே கேட்காது. செவ்வாய்க்கிழமை மதியம் போய்ப் பார்த்துவிட்டு "இடம் அமைதியா இருக்கு" என்று சனிக்கிழமை இரவுக்கு புக் செய்வது வீண். லைவ் மியூசிக் எந்த நாளில் என்று கேட்டு, அந்த நாளைத் தவிருங்கள். தனி அறை கிடைத்தால் கூடுதல் பணம் கொடுத்தாவது எடுங்கள். இந்த விழாவில் கூடுதலாகச் செலவழிக்க ஒரே ஒரு இடம் உண்டு என்றால் அது தனி அறைதான். பூ அலங்காரத்தையும் பலூன் வளைவையும் குறைத்து அந்தப் பணத்தை இதில் போடுங்கள். அறைக்குள் ஸ்பீக்கரைத் தனியாக அணைக்க முடியுமா என்றும் கேளுங்கள்; சில இடங்களில் முடியாது.

மேஜை வட்டமாக இருக்கட்டும். எட்டுப் பேர் உட்காரும் வட்ட மேஜையில் எல்லோர் முகமும் தெரியும், ஒரே பேச்சில் எல்லோரும் சேர முடியும். முப்பது பேரை ஒரே நீள மேஜையில் போட்டால் பிறந்தநாள்காரர் தன்னைச் சுற்றியுள்ள நாலைந்து பேரிடம் மட்டும்தான் பேசுவார். எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. நாலு வட்ட மேஜை போடுங்கள், அவர் மேஜையில் அவருக்குப் பக்கத்து நாற்காலியை மட்டும் காலியாக விடுங்கள். யார் வேண்டுமானாலும் வந்து அதில் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகலாம். பழைய ஆபீஸ் நண்பர், கிராமத்திலிருந்து வந்த சித்தப்பா, கல்லூரிக்குப் போகும் பேத்தி என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும், அவர் எழுந்து நடக்க வேண்டியதில்லை. இப்படி வைத்த விருந்துகளில் பெரியவர்கள் கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நாற்காலிக்குக் கை இருக்க வேண்டும். ஊன்றி எழுந்திருக்க அதுதான் பிடி. அமுங்குகிற தாழ்வான சோபாவும், கால் தொங்கும் உயர நாற்காலியும் வேண்டாம். ஏ.சி. காற்று நேராகத் தலையில் அடிக்காத இடமா என்று பாருங்கள். வெளிச்சம் போதுமா என்றும் பாருங்கள். கண்புரை இருப்பவருக்கு மங்கலான மஞ்சள் விளக்கில் எதிரே இருப்பவர் முகமே சரியாகத் தெரியாது.

அப்புறம் பாத்ரூம். இடம் பார்க்கப் போகிறவர் கட்டாயம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். மாடியிலா கீழேயா, வாசலில் படி உண்டா, தரை எப்போதும் ஈரமா, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா. படம் எடுத்து அனுப்பும் பழக்கம் நல்லதுதான். சாண்டலியர் படத்தோடு இதையும் ஒரு படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுங்கள், முடிவு எடுக்க உதவும்.

மாத்திரை நேரமும் ஓட்டல் நேரமும்

எட்டு மணிக்கு விருந்து என்று அழைத்தால் சென்னையில் பாதிப் பேர் எட்டே முக்காலுக்குத்தான் வருவார்கள். எல்லோரும் வந்தபிறகு கேக், அப்புறம் போட்டோ, அப்புறம் ஆர்டர். மெயின் கோர்ஸ் மேஜைக்கு வரும்போது மணி பத்து. வீட்டில் ஏழரைக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குப் படுப்பவருக்கு இது தாங்காது.

சர்க்கரை நோய் இருந்தால் விஷயம் இன்னும் கவனமானது. சிலவகை இன்சுலினைச் சாப்பாட்டுக்குப் பதினைந்து முதல் முப்பது நிமிடம் முன்பு போட வேண்டும். வழக்கமான நேரத்துக்கு ஊசியைப் போட்டுக்கொண்டு கிளம்பி, ஓட்டலில் ஒரு மணி நேரம் வெறும் வயிற்றோடு காத்திருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு என்று அது தொடங்கும். பக்கத்தில் இருப்பவர்கள் ஏ.சி. போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். ஊசியும் மாத்திரையும் எப்போது என்பதை அவருடைய டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டலில், அவருக்கும் அவர் வயதுக்காரர்களுக்கும் முதலில் பரிமாறிவிட வேண்டும், மற்றவர்களுக்காகக் காத்திருக்கக் கூடாது என்று கேப்டனிடம் தெளிவாகச் சொல்லிவையுங்கள்.

என்னைக் கேட்டால் ஞாயிறு மதியம்தான் சிறந்தது. பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தால் ஒன்றேகாலுக்குள் சாப்பாடு பாதி முடிந்திருக்கும். வெளிச்சம் உண்டு, போக்குவரத்து குறைவு, சத்தம் குறைவு. மூன்று மணிக்கு வீட்டுக்குப் போய் அவர் ஒரு தூக்கம் போடலாம். இரவு விருந்தில் இருக்கும் விளக்கு அழகு மதியத்தில் வராது என்று இளசுகள் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் எண்பது வயதுக்காரருக்கு அந்த அழகு தேவைப்படுவதில்லை. இரவுதான் என்று முடிவானால் அழைப்பில் ஏழு மணி என்று போடுங்கள். பல ரெஸ்டாரண்ட்களில் இரவுச் சாப்பாடு தொடங்குவதும் அந்த நேரத்தில்தான், சமையலறையும் நிதானமாக இருக்கும்.

மெனுவில் நடப்பவை

ஓட்டலின் பெயரைப் பார்த்து மெனுவை ஒப்புக்கொள்வது, அல்லது "அங்கே போய் அவங்கவங்க ஆர்டர் பண்ணிக்கலாம்" என்று விட்டுவிடுவது, இரண்டுமே சிக்கலைக் கொண்டுவரும். முப்பது பேர் தனித்தனியாக ஆர்டர் செய்தால் சமையலறை தடுமாறும். தோசைக்கல்லில் ஒரு நேரத்தில் சில தோசைதான் ஊற்ற முடியும். ஆப்பம் ஒவ்வொரு சட்டியிலும் ஒன்றுதான். மேஜையில் நாலு பேருக்குத் தோசை வரும், அவர்கள் மற்றவர்களுக்காகக் காத்திருப்பார்கள், தோசை ஆறிப்போகும்; கடைசி நாலு பேருக்கு வரும்போது முதல் நாலு பேர் காபிக்கு வந்திருப்பார்கள். பிரியாணி, இடியாப்பம், குழம்பு, கூட்டு போல ஒன்றாகச் செய்து ஒன்றாகப் பரிமாறக்கூடியவை மெனுவின் முதுகெலும்பாக இருக்கட்டும். கல்லில் போடுவது ஒன்றிரண்டு போதும், அதுவும் கூட்டத்துக்குத் தகுந்தபடி முன்பே சொல்லிவைத்து.

செட் மெனுவுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் அப்பாக்கள் மெனு அட்டையில் முதலில் பார்ப்பது விலை போட்டிருக்கும் பக்கத்தைத்தான். பிள்ளை செலவு செய்கிறான் என்று தெரிந்தால் இருப்பதிலேயே மலிவானதைச் சொல்லிவிட்டு "எனக்கு இது போதும்" என்பார்கள். மெனு முன்பே முடிவாகி, விலை அவர் கண்ணில் படாமல் இருந்தால், பிடித்ததை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

பிடித்தது எது என்பதையும் ஊகிக்காதீர்கள். பிள்ளைகளுக்குப் பிடித்த வட இந்தியச் சாப்பாடு, பேரப்பிள்ளைகளுக்குப் பிடித்த பாஸ்தா என்று போகும்போது, ஐம்பது வருடமாக மதியம் ரசம் சாதம் சாப்பிட்டவருக்கு மேஜையில் ஒன்றும் இல்லாமல் போவதுண்டு. பல் செட் போட்டிருப்பவருக்குத் தந்தூரி ரொட்டியும் கெட்டியான கபாபும் கஷ்டம். அவருக்கு மெத்தென்று இருக்கும் இரண்டு அயிட்டமாவது உறுதியாக இருக்கட்டும். வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள் வருகிறார்களா, சைவமும் அசைவமும் ஒரே சமையலறையில் செய்தால் சாப்பிடாத மாமிகள் உண்டா என்றும் கேளுங்கள். அப்படிச் சிலர் இருந்தால் முழுச் சைவ ஓட்டலே நல்லது. அசைவக்காரர்கள் ஒரு வேளை சைவம் சாப்பிடுவார்கள். சைவக்காரர்களால் மறுபக்கம் வர முடியாது.

பஃபே பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை, இந்த விழாவைப் பொறுத்தவரை. அயிட்டங்களின் எண்ணிக்கை காதுக்கு நன்றாக இருக்கும். நடப்பது என்னவென்றால், எந்த நேரமும் பாதிப் பேர் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். பிறந்தநாள்காரருக்கு யாரோ எடுத்துவந்து கொடுப்பார்கள், அவருக்கு என்ன இருக்கிறது என்றே தெரியாது. மேஜை நடுவில் அடுப்பு வைத்துச் சுட்டுத் தரும் பார்பெக்யூ இடங்கள் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அந்தச் சூடும் புகையும் முதியவர் முகத்துக்கு நேரே இருக்கும். இலையோ தட்டோ போட்டு உட்கார வைத்துப் பரிமாறும் இடம்தான் இதற்குப் பொருத்தம். "இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தட்டுமாங்க?" என்று ஒருவர் வந்து கேட்பதில் இருக்கும் உபசாரம் எந்தக் கவுன்ட்டரிலும் கிடைக்காது.

பழைய நினைவும் புதிய ரேட்டிங்கும்

"எங்க கல்யாண நாளுக்கெல்லாம் அங்கதான் போவோம்" என்று அம்மா சொன்ன இடத்துக்கே அழைத்துப்போக ஆசைப்படுவது அழகான எண்ணம். ஆனால் முன்கூட்டியே போய்ப் பாருங்கள். சென்னைக்காரர்கள் பலரின் நினைவில் இருக்கும் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008-இல் மூடப்பட்டு, அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கிறது. டி.டி.கே. சாலையில் தக்ஷிண் ரெஸ்டாரண்ட் இருந்த அடையாறு பார்க் ஓட்டல் 2023 டிசம்பரில் மூடப்பட்டது. இடம் இருந்தாலும் சமையல்காரர் மாறியிருக்கலாம், ஏ.சி. ஹால் மாடிக்குப் போயிருக்கலாம். நினைவுக்காகப் போவதென்றால் அந்த நினைவு என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல சமயம் அது ஒரு பாதாம் அல்வாவோ ஒரு காபியோதான். அதை வாங்கிவந்து விருந்தில் வைத்தாலே அம்மா முகம் மலர்ந்துவிடும்.

ரேட்டிங்கில் நட்சத்திர எண்ணிக்கையைவிட, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். ஐந்து கொடுத்தவர் சந்தோஷத்தில் எழுதுகிறார், ஒன்று கொடுத்தவர் கோபத்தில் எழுதுகிறார். நடுவில் இருப்பவர்தான் "சாப்பாடு நன்று, சர்வீஸ் தாமதம், பார்க்கிங் இல்லை" என்று உபயோகமாகச் சொல்கிறார். பெரிய குழுவோடு போனவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். இரண்டு பேருக்கு நன்றாகச் சமைக்கும் இடம் முப்பது பேருக்கு நேரத்தில் பரிமாறும் என்று சொல்ல முடியாது.

பில் வரும்போது

தலைக்கு இவ்வளவு என்று சொல்லும் ரேட்டில் வரி சேர்ந்ததா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சாதாரண ரெஸ்டாரண்டில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வசூலிக்கும் ஓட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரண்டில் 18 சதவீதம். முப்பது பேர், தலைக்கு 1,800 என்றால் 54,000. வரி ஓரிடத்தில் 2,700, மற்றோரிடத்தில் 9,720. இரண்டு ஓட்டல்களை ஒப்பிடும்போது இந்த வித்தியாசத்தையும் சேர்த்தே பாருங்கள்.

சர்வீஸ் சார்ஜ் வேறு. அதைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விரும்பினால் கொடுக்கலாம், கட்டாயம் இல்லை. புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். மீறிப் போட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஆனால் விழா மேஜையில் அப்பா முன்னால் அந்த வாக்குவாதம் வேண்டாம்.

தனி அறைக்கும் ஹாலுக்கும் குறைந்தது இத்தனை பேர் என்று கியாரண்டி கேட்பார்கள். நாற்பது என்று சொல்லி முப்பத்திரண்டு பேர் வந்தால் நாற்பதுக்கும் பணம். கியாரண்டியைக் குறைத்துச் சொல்லி, கூட வந்தால் எத்தனை பேர் வரை அதே ரேட்டில் தருவீர்கள் என்று பேசுங்கள். குழந்தைகளுக்கு எந்த வயது வரை பாதி ரேட், டிரைவர்களுக்குச் சாப்பாடு உண்டா என்பதையும் அதே பேச்சில் முடித்துவிடுங்கள். ஆப்பில் காட்டும் தள்ளுபடி பெரிய குழுவுக்கும் செட் மெனுவுக்கும் பெரும்பாலும் செல்லாது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

மது பரிமாற வேண்டும் என்று நினைத்தால், தமிழ்நாட்டில் உரிமம் பெற்ற நட்சத்திர ஓட்டல், கிளப் போன்ற இடங்களில்தான் முடியும், வயது 21 ஆகியிருக்க வேண்டும், ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிடையாது. அதற்காகவே ஓட்டலைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பக்கமே போகாத பெரியவரை பார் சத்தத்தில் உட்கார வைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

கேக்கும் ஆச்சரியமும்

வெளியிலிருந்து கேக் கொண்டுவர சில ஓட்டல்கள் கட்டணம் கேட்கும், சில அனுமதிக்காது. முட்டை சேர்க்காத கேக்கா என்று பாருங்கள். மெழுகுவர்த்தியை ஊதி அணைப்பது பிடிக்காத பெரியவர்கள் நிறையப் பேர். சின்னக் குத்துவிளக்கு ஒன்றை ஏற்ற ஓட்டலில் அனுமதிப்பார்களா என்று கேட்டு வைத்தால் அவர்களுக்கு மனசு நிறையும். ஊழியர்கள் வட்டமாக நின்று கைதட்டிப் பாடுவது அவருக்குக் கூச்சமாக இருக்குமா, சந்தோஷமாக இருக்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். வேண்டாம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவர்களாகவே வந்துவிடுவார்கள்.

முழு ஆச்சரியமாக வைப்பது இந்த வயதில் நல்லதல்ல. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று தெரிந்தால்தான் மாத்திரையை எடுத்துவைப்பார், பிடித்த சட்டையைப் போடுவார், கண்ணாடியையும் காதுக் கருவியையும் மறக்காமல் எடுத்துக்கொள்வார். யார் யார் வருகிறார்கள் என்பதில் ஆச்சரியம் வையுங்கள். கோவையிலிருந்து பழைய நண்பர் ஒருவரை வரவழைத்து அந்தக் காலி நாற்காலியில் உட்கார வைத்தால் போதும்.

விழாவுக்கு முந்தின நாள் ஒரு போன் செய்யுங்கள். நீங்கள் பேசி முடித்த பேங்க்வெட் மேனேஜருக்கு மட்டும் செய்து நிறுத்திவிடாதீர்கள். நாளைக்கு அந்த ஷிஃப்டில் நிற்கப் போகும் கேப்டனின் பெயரைக் கேட்டு அவரிடமே பேசுங்கள். "சார், நாளைக்கு எங்க அம்மாவோட எழுபதாவது பொறந்தநாள். அவங்களுக்குக் கை வச்ச நாற்காலி, ஓரத்துல, ஸ்பீக்கர்ல இருந்து தள்ளி. பன்னிரண்டே முக்காலுக்கு அவங்க டேபிளுக்கு முதல்ல பரிமாறிடணும்." இவ்வளவு சொன்னால் போதும். பில்லுக்கான பணத்தையும் அப்போதே கட்டிவிட்டு, மீதியை வாசலில் வைத்துப் பேசிக்கொள்ளலாம், மேஜைக்கு எந்த ஃபோல்டரும் வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள்.